செயலாளர் ஆண்டறிக்கை: கலவைச் சோதனைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நம் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட கலவைச் சோதனைகளைப் பற்றி மட்டும் நான் விரிவாகச் சொல்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் எழுந்த கேள்வி எல்லோருக்கும் நினைவிருக்கும். நைலான், பாலிப்ரொப்பிலீன் என்ற இரண்டு பிளாஸ்டிக்குகளும் கலந்த கழிவை உருக்கி வார்த்தால், வளைத்த இடத்தில் தோல் உரிவதுபோல் அடுக்கடுக்காகப் பிரிகிறது. என்ன பவுடர் போட்டால் சேரும் என்று கேட்டீர்கள். ஓராண்டு உழைத்த பிறகு, கேள்வியையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லத் தோன்றுகிறது. பிளாஸ்டிக்கின் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு சங்கிலி; எந்தச் சங்கிலியின் நுனியில் என்ன இருக்கிறது, அது எதோடு வினைபுரியும் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

பாலிமர் எனப்படும் இந்தச் சங்கிலிகள் மிக நீளமானவை. சிறிய மூலக்கூறுகள் தாறுமாறாகக் கலப்பதால் கிடைக்கும் ஆதாயம் இவற்றுக்கு அநேகமாக இல்லை. வேதியியலாளர்கள் ஃப்ளோரியும் ஹக்கின்ஸும் 1940-களின் தொடக்கத்திலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். அதனால் ஒன்று மற்றொன்றுக்குள் துளித்துளியாக நிற்கிறது. துளிகள் மோதி ஒன்றாகிப் பெரிதாகின்றன. விளிம்பில் பிடிப்பே இருப்பதில்லை. உருக்கிக் கலக்கும் எந்திரத்தின் ஸ்க்ரூவை எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் இது தீராது.

தீர்வு அந்த ஸ்க்ரூ சுழலும் பாரல் என்ற குழாய்க்குள் நடக்கும் வினையில் இருக்கிறது. நைலான் சங்கிலியின் நுனியில் அமீன் என்ற, வினைபுரியும் நைட்ரஜன் தொகுதி உண்டு. மேலிக் அன்ஹைட்ரைடு என்ற சிறு மூலக்கூறு சங்கிலியில் ஒட்டிய பாலிப்ரொப்பிலீனைச் சிறிதளவு சேர்த்தால், அன்ஹைட்ரைடும் அமீனும் உருகிய நிலையிலேயே, ஓரிரு நிமிடங்களுக்குள், ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் பாலிப்ரொப்பிலீன் என்று பிறக்கும் அந்தச் சங்கிலி இரண்டின் எல்லையிலேயே தையல்போல் அமர்ந்துவிடுகிறது. பல மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமிருந்த துளிகள் 1 மைக்ரானுக்கும் கீழே இறங்கக்கூடும். மீண்டும் ஒன்றுசேர்வதும் தடைபடும். 1970-களில் டூபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த, எளிதில் உடையாத நைலானுக்குப் பின்னாலும் இதே வினைதான்; அங்கே அன்ஹைட்ரைடு ரப்பரோடு ஒட்டியிருந்தது.

முதல் சோதனை தோற்றது. அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிப்ரொப்பிலீனை நாமே தயாரிக்க முயன்று, ஒட்டும் வினையைத் தொடங்கிவைக்கும் பெராக்சைடைக் கூடுதலாகப் போட்டுவிட்டோம். பெராக்சைடு பாலிப்ரொப்பிலீன் சங்கிலியை வெட்டவும் செய்யும். உருகல் தண்ணீராக ஓடி, இழை பிடிக்கவே முடியவில்லை. அதைவிட மோசம், வினைபுரியாமல் தங்கிய அன்ஹைட்ரைடு. அது நைலானின் அமீன் நுனிகளைத் தானே பிடித்துக்கொண்டு தையலுக்கு இடமில்லாமல் செய்துவிடும். அதன் ஆவியில் நின்றவர்களுக்குக் கண்ணும் தொண்டையும் எரிந்தன. செயலாளர் என்ற முறையில் அதற்கு நானே பொறுப்பு. ஆவியை இழுக்கும் வாக்குவம் வென்ட்டும் புகைபோக்கியும் இல்லாமல் இனி இந்த வேலை நடக்காது என்று செயற்குழு தீர்மானித்துள்ளது.

இரண்டாம் முறை பெராக்சைடைக் குறைத்தோம், வாக்குவத்தை இயக்கினோம், நைலானை நன்றாக உலர்த்தினோம். பிறகு வெறுமனே கலந்தது, வினைபுரிந்தது என்ற இரண்டு கலவைகளையும் தனித்தனிக் குப்பியில் ஃபார்மிக் அமிலத்தில் போட்டோம். அந்த அமிலம் நைலானைக் கரைக்கும், பாலிப்ரொப்பிலீனைக் கரைக்காது. வெறுமனே கலந்ததில் பாலிப்ரொப்பிலீன் பிரிந்து மேலே மிதந்து, அடியில் திரவம் தெளிந்தது. வினைபுரிந்ததோ பால்போலக் கலங்கி, மறுநாளும் அப்படியே நின்றது. தையல் விழுந்ததை நம் கண்ணாலேயே பார்த்த அந்தக் காலை எனக்கு மறக்காது. வார்த்த பட்டையும் வளைத்தபோது உரியவில்லை.

ஆனால் அன்ஹைட்ரைடு ஒட்டிய இதே பாலிப்ரொப்பிலீனை பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் கலவையில் போட்டுப் பார்த்த உறுப்பினர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. அந்த இரண்டிலும் வினைபுரியும் நுனி கிடையாது; அன்ஹைட்ரைடு அங்கே எதைப் பிடிக்கும்? அதற்கு வேறு வழி தேட வேண்டும்.

வரும் ஆண்டில் பெட் (PET, தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) கழிவும் பாலிஎத்திலீனும் கலந்த கலவையை எடுக்கிறோம். பெட்டின் அமில நுனியோடு வினைபுரியும் கிளிசிடில் தொகுதி கொண்ட பாலிமரைச் சேர்ப்பது திட்டம். உருகிய பெட்டின் சங்கிலியை ஈரம் வெட்டிவிடும். ஆகவே உலர்த்தும் வசதி உள்ள உறுப்பினர்கள் இந்தக் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் பெயர் தரக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று ஒப்புதல் அளிக்க வேண்டுகிறேன்.

செயலாளர்