பஞ்சிகாவத்தையில் அன்டெனாவைச் சரிசெய்து தந்த அண்ணாவுக்கு

அப்பாவின் பழைய ஜப்பான் காரில் ரேடியோவைப் போட்டால் அன்டெனா தானாக மேலெழும். கடந்த மாதம் அது பாதியில் நின்றுவிட்டது. மோட்டாரின் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கராஜில் முழுவதையும் மாற்றச் சொன்னார்கள். விலையைக் கேட்டதும் அப்பா ரேடியோவே வேண்டாம் என்றார்.

பழைய உதிரிப்பாகம் தேடிப் பஞ்சிகாவத்தைக்கு வந்தேன். கடைக்காரரிடம் நான் பேசியது பக்கத்தில் நின்ற உங்கள் காதில் விழுந்திருக்கிறது. "மோட்டார் சுற்றுகிறதென்றால் அதற்கு ஒன்றுமில்லை தம்பி. உள்ளே பல் வைத்த நைலோன் இழை அறுந்திருக்கும். இழையோடு வரும் கம்பியை மட்டும் வாங்குங்கள்" என்றீர்கள்.

அதோடு போயிருக்கலாம். நீங்களோ கொழும்பு வெயிலில் என் காரருகே குந்திவிட்டீர்கள். அன்டெனாவைக் கழற்றி, மோட்டார் மூடியைத் திறந்து, உள்ளே சிக்கியிருந்த அறுந்த துண்டைக் குறட்டால் இழுத்தெடுத்தீர்கள். கல்லாகிப்போன கிரீஸை உங்கள் கைக்குட்டையாலேயே துடைத்தீர்கள். (அந்தக் கைக்குட்டை இனி எதற்கும் உதவாது.) புதிய இழையின் பற்கள் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று காட்டி, உள்ளே செலுத்தி, "இப்போது ரேடியோவை நிறுத்துங்கள்" என்றீர்கள். புற்றுக்குள் நுழையும் பாம்புபோலக் கம்பி சரசரவென்று இறங்கியது.

பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை. "கம்பியை அடிக்கடி துடையுங்கள், தூசிதான் இதற்கு எமன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினீர்கள்.

அண்ணா, அப்பா உங்களைப் பார்க்க விரும்புகிறார். இதை வாசித்தால் ஒரு வரி எழுதுங்கள்.