ஆர்ம் மடிக்கணினி: விலைச்சீட்டில் இல்லாத கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 மார்ச்சில் பிரிட்டனின் ஆர்ம் என்ற சில்லு வடிவமைப்பு நிறுவனத்துடன் நம் மலேசிய அரசாங்கம் 10 ஆண்டுகளுக்கு 250 மில்லியன் அமெரிக்க டாலர் ஒப்பந்தம் செய்தது. இனி ஆர்ம் மடிக்கணினி விலை இறங்கும் என்று அதை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணம் இங்கே சில்லு வடிவமைப்பை வளர்ப்பதற்கு. கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோ யாட் பிளாசாவில் மாட்டியிருக்கும் விலைச்சீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆர்ம், தன் சில்லு வடிவமைப்புக்கு உரிமம் விற்று வாழும் நிறுவனம். அந்த உரிமத்தை வைத்து மடிக்கணினிச் சில்லை வடிவமைப்பது ஆப்பிளும் குவால்காமும். செய்து கொடுப்பது தைவானின் டிஎஸ்எம்சி. ஒவ்வொரு சில்லுக்கும் ஆர்முக்குப் போகும் உரிமத்தொகை மடிக்கணினியின் மொத்த விலையில் சிறு துளிதான். திரை, நினைவகம், பேட்டரி, விண்டோஸ் உரிமம் எல்லாம் இன்டெல் மடிக்கணினிக்கு ஆகும் அதே செலவு. அதனால்தான் ஆப்பிளின் 2020 எம்1 சில்லு மேக்புக் ஏரும் 2025 எம்4 மேக்புக் ஏரும் அமெரிக்காவில் அதே 999 டாலரில் தொடங்கின. விலை இறங்கவில்லை, அதே விலைக்கு நினைவகம் மட்டும் 8 ஜிபியிலிருந்து 16 ஜிபி ஆனது.

பிறகு ஏன் வாங்குகிறார்கள்? பேட்டரிக்காக. அது வெறும் விளம்பரமல்ல. கைப்பேசி வழி வந்த வடிவமைப்பு என்பதால் சும்மா இருக்கும் நேரத்தில் இந்தச் சில்லு மின்சாரத்தை உறிஞ்சாது. இரவு முழுக்கப் பையில் கிடந்தாலும் காலையில் பேட்டரி அதிகம் இறங்கியிருக்காது. சார்ஜரைக் கழற்றினாலும் வேகம் அப்படியே இருக்கும்; இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் கழற்றியதும் வேகம் தளரும். கடையில் சோதிக்க விரும்பினால் சார்ஜரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். ஆனால், 2024 செப்டம்பரில் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசை இந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்துவிட்டது என்பதையும் விற்பனையாளர் சொல்ல வேண்டும். சொல்வதில்லை.

மேக்புக் ஏரில் விசிறி கிடையாது. கூரை விசிறி மட்டும் ஓடும் அறையில் பத்து நிமிடம் காணொளி ஏற்றுமதி செய்தால் சூடேறும், தன்னைத்தானே வேகம் குறைத்துக்கொள்ளும். கட்டுரை, இணையம், ஜூம் வகுப்பு என்றால் இது தெரியவே தெரியாது.

பணம் கரைவது விண்டோஸ் பக்கத்தில். குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சில்லோடு 2024 ஜூனில் வந்த மடிக்கணினிகளில் பழைய இன்டெல் மென்பொருள்களை ‘பிரிசம்’ என்ற மொழிமாற்றி ஓட்டுகிறது. நன்றாகவே ஓட்டுகிறது. ஆனால் அது மாற்றுவது சாதாரண மென்பொருளை மட்டும். டிரைவர் என்பது அச்சுப்பொறி போன்ற கருவிகளை ஓட்டும் மென்பொருள், இயங்குதளத்தின் கருவுக்குள் இயங்குவது. அதை மொழிமாற்ற முடியாது, ஆர்ம்64க்கு (64-பிட் ஆர்ம் சில்லுக்கு) என்றே எழுதியிருக்க வேண்டும். கடைக்காரரின் ரசீது அச்சுப்பொறி, பார்கோடு ஒட்டி அச்சிடும் கருவி, கணக்கு மென்பொருளின் உரிமத்தைச் சரிபார்க்கும் யுஎஸ்பி டாங்கிள், பழைய ஸ்கேனர், அலுவலக விபிஎன் ஆகியவை இங்கேதான் சிக்கும். புதிய வைஃபை அச்சுப்பொறிகள் பெரும்பாலும் விண்டோஸின் பொது டிரைவரிலேயே ஓடிவிடும். பத்து வருடப் பழைய யுஎஸ்பி லேசர் என்றால், தயாரிப்பாளர் தளத்தில் ‘ஆர்ம்64’ என்று எழுதிய டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

தமிழ் தட்டெழுதுவோருக்குத் தனியாக ஒன்று. எழுத்துருக்களால் தொல்லையில்லை. விசைப்பலகைச் செயலி அப்படியல்ல: ஆர்முக்கு எழுதிய மென்பொருளுக்குள் அது நுழைந்து வேலை செய்ய வேண்டும் என்பதால் அதுவும் ஆர்ம்64க்கு எழுதியதாக இருக்க வேண்டும். ஒரு மென்பொருளில் தமிழ் வந்து இன்னொன்றில் வராமல் போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். விண்டோஸ் 11 உடன் வரும் தமிழ்99 விசைப்பலகையில் இந்தச் சிக்கல் இல்லை. மேக்கில் அஞ்சல், தமிழ்99 என்ற விசைப்பலகைகள் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன.

எது மொழிமாற்றியில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க, டாஸ்க் மேனேஜரில் ‘டீட்டெய்ல்ஸ்’ பகுதிக்குப் போய், தலைப்பு வரிசையில் வலச்சொடுக்கி ‘ஆர்க்கிடெக்சர்’ பத்தியைச் சேருங்கள். எக்ஸ்64, எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) என்று காட்டுபவை மொழிமாற்றத்தில் ஓடுபவை. மேக்கிலும் ‘ரோசெட்டா 2’ இதே வேலையைச் செய்கிறது. ஆனால் மேக்ஓஎஸ் 27க்குப் பிறகு சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டுமே அது மிஞ்சும் என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. இன்டெல் காலத்து மேக் மென்பொருளை நம்பியிருப்பவர்கள் நாள்களை எண்ணிக்கொள்ளலாம். பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு மேக் வாங்குமுன் துறையில் எந்த மென்பொருள் என்று கேளுங்கள். சாலிட்வொர்க்ஸ் மேக்கில் இல்லவே இல்லை.

இந்த மடிக்கணினிகளில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைத்தது. பிறகு கூட்ட முடியாது. பழுதானால் பலகையையே மாற்ற வேண்டும். புதிதாக வாங்கினால் 16 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். ஸ்னாப்டிராகன் மடிக்கணினிகள் பலவற்றில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியையாவது கழற்றி மாற்றலாம். மேக்புக் ஏரில் அதுவும் பற்றவைத்ததே, மறையாக்கம் செய்ததே. ஒரு குவளை தே தாரிக் விசைப்பலகையில் கொட்டிப் பலகை செத்தால் கோப்புகளும் கூடவே போகும். வெளி எஸ்எஸ்டி ஒன்றையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். ஸ்னாப்டிராகன் வாங்கியவர்கள் முதல் நாளே 32 ஜிபி யுஎஸ்பியில் மீட்பு வட்டு எழுதி வையுங்கள், ஏனென்றால் சாதாரண விண்டோஸ் நிறுவல் யுஎஸ்பி அதில் தொடங்காது.

பழைய எம்1 மேக்புக் வாங்குவோருக்கு: எல்லாவற்றையும் அழித்து, வரவேற்புத் திரையிலிருந்து வைஃபையில் இணைத்து, யாருடைய ஆப்பிள் கணக்கையும் எந்த நிறுவனத்தின் நிர்வாகத்தையும் கேட்காமல் உள்ளே போகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கேட்டால் அது பூட்டிய பெட்டி, பாதி விலைக்கும் வேண்டாம்.

‘40 டாப்ஸ்’ (செயற்கை நுண்ணறிவுக் கணக்கின் வேக அளவு) என்ற ஒட்டியைக் காட்டி விலை ஏற்றுபவர்களுக்கு ஒரு ரிங்கிட் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. இன்டெல், ஏஎம்டி சில்லுகளிலும் அது வந்துவிட்டது.

எங்கள் கோரிக்கை சிறியது. 2024இல் டெல் எக்ஸ்பிஎஸ் 13 என்ற ஒரே பெயரில் இரண்டு வந்தன: மாதிரி எண் 9345 ஸ்னாப்டிராகன், 9350 இன்டெல். கடையில் பெயரை மட்டும் படித்து வாங்குபவருக்கு வீட்டில் அச்சுப்பொறி ஓடாதபோதுதான் வேறுபாடு தெரிகிறது. விலைச்சீட்டில் ‘ஆர்ம்’ அல்லது ‘எக்ஸ்86’ என்ற ஒரு சொல்லையும், நினைவகம் கூட்டலாமா கூடாதா என்பதையும் கடைகள் அச்சிட வேண்டும். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு இதைக் கட்டாயமாக்கலாம்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்ப்போர் சிலர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்