நம் பேரேட்டில் 1973: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ராஜமாணிக்கம்,

நலம், நலமறிய அவா. வலது கண்ணில் புரை எடுத்த பிறகு இரண்டு மாதம் திரையை உற்றுப் பார்க்கக் கூடாது என்று மருத்துவர் தடை போட்டுவிட்டதால், ஆவணியிலேயே முடிந்திருக்க வேண்டிய, நம் கணினிக் குத்துச்சண்டை விளையாட்டின் 1973ஆம் ஆண்டு போன ஞாயிறு இரவுதான் முடிந்தது. கடைசிச் சண்டையைப் பேரேட்டில் எழுதி மூடியவுடன் இந்தக் கடிதத்தைத் தொடங்கிவிட்டேன். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே நீ மல்லுக்கு வந்துவிடுவாய். கடிதமென்றால் முழுவதையும் படித்துத்தானே ஆக வேண்டும்!

நாம் ஒப்புக்கொண்ட விதிகள் உனக்கு நினைவிருக்கும். 1972 டிசம்பர் 31 வரை ஹெவிவெயிட் பிரிவில் நடந்தது நடந்தபடியே; அதன்பின் யார் யாரோடு எந்த ஊரில் மோதினார்கள் என்பதை இயன்றவரை அப்படியே வைத்துக்கொண்டு, முடிவை மட்டும் நீ எழுதிய நிரலிடம் விட்டுவிடுவது. ஒரு சண்டை ஒரே முறைதான் ஓடும். வீரர்களுக்கு மதிப்பெண் போடும்போது அந்த ஆண்டின் கடைசி நாளன்று உலகம் அறிந்திருந்ததை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும், பின்னால் நாம் படித்துத் தெரிந்துகொண்டதை அல்ல. நீ பிடிவாதமாகச் சேர்த்த இந்தக் கடைசி விதிதான் ஆண்டையே புரட்டிப்போட்டது.

ஜனவரி 22, ஜமைக்காவின் கிங்ஸ்டன். நிஜத்தில் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே சுற்றுக்குள் சாம்பியன் ஜோ ஃபிரேசியரை ஆறு முறை தரையில் வீழ்த்த, நடுவர் ஆர்தர் மெர்காண்டே சண்டையை நிறுத்தினார். ஆனால் முந்தைய நாள் வரை பந்தயக்காரர்களின் பணம் ஃபிரேசியர் பக்கம்தான் இருந்தது. அவர் 29 சண்டைகளிலும் வென்றவர். 1971 மார்ச்சில் முகமது அலியையே பதினைந்தாம் சுற்றில் இடது ஹூக்கால் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) மல்லாத்தியவர். ஃபோர்மனும் 37 சண்டைகளில் தோல்வியே காணாதவர், அவற்றில் 34 நாக் அவுட். என்றாலும் அவரிடம் விழுந்தவர்களில் பெரும்பாலோர் பெரிய பெயர்கள் அல்லர், கிரெகோரியோ பெரால்டா போன்ற தேர்ந்த கை எதிரே வந்தபோது 1970இல் பத்துச் சுற்றும் ஆடிப் புள்ளிக் கணக்கில்தான் வெல்ல முடிந்தது. ஆகவே அவருடைய அடியின் வேகத்துக்குப் பத்துக்குப் பத்தும், தாங்குதிறனுக்கு ஐந்தும் போட்டேன். நம் கிங்ஸ்டனில் ஃபிரேசியர் இரண்டு முறை விழுந்து இரண்டு முறையும் எழுந்தார். நாலாம் சுற்றுக்குப் பின் ஃபோர்மனின் கைகள் கனத்துப்போக, எட்டாம் சுற்றில் சண்டை நின்றது, ஃபிரேசியர் வென்றார். திரையில் ஓடுவது வெறும் எழுத்து வரிகள்தான், இருந்தும் பக்கத்தில் வைத்த காப்பி ஆறி ஆடை கட்டியதை நான் கவனிக்கவில்லை.

எட்டாம் சுற்று என்றவுடன் உன் புருவம் உயர்வது இங்கிருந்தே தெரிகிறது. 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் அலியிடம் ஃபோர்மன் களைத்து விழுந்ததும் அதே எட்டாம் சுற்றில்தான். அதை மனத்தில் வைத்துக்கொண்டு ஐந்து போட்டாயா என்று கேட்பாய். இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் சத்தியம் செய்யச் சொன்னால் தயங்குவேன்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் சான் டியேகோ. மார்ச் 31 அன்று அங்கே கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்துப் பன்னிரண்டு சுற்றில், மூன்று நடுவரில் இருவர் தீர்ப்பால் வென்றார் அல்லவா? நம் கணக்கிலும் அதே ஊர், அதே பன்னிரண்டு சுற்று, அதே மாதிரி பிளவுபட்ட தீர்ப்பு. தாடை மட்டும் தப்பியது, உன் நிரலுக்கு எலும்பு கிடையாது. அரை மணி நேரம் துள்ளிக் குதித்தேன். பிறகுதான் பாணி அட்டவணையைத் திறந்து பார்த்தேன்: நார்ட்டனின் குறுக்குக் கைத் தடுப்புக்கு எதிரே அலியின் ஜாப் (முன்கையை நேராக நீட்டி விடும் குத்து) பாதி வலுவிழக்கும் என்று ஆண்டு தொடங்குமுன்பே நானே எழுதி வைத்திருக்கிறேன். ஃபோர்மனுக்கு வருங்கால அறிவைத் தர மறுத்துவிட்டு நார்ட்டனுக்கு வாரி வழங்கியிருக்கிறேன். ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் என்பது இதுதான்.

எனக்காக வாதாட ஒரு சாட்சி உண்டு. நார்ட்டனின் பயிற்சியாளர் எட்டி ஃபட்ச், ஜாப் விடும்போது அலியின் வலக்கை தற்காப்புக்குரிய இடத்தில் நிற்பதில்லை என்பதைக் கண்டுவைத்து, அவர் ஜாப் விடும் அதே நொடியில் நீயும் விடு என்று சொல்லி அனுப்பியவர். ஆக, அந்த அறிவு அன்றைக்கே ஒருவரிடமாவது இருந்தது. உலகம் அறிந்தது என்பதில் ஃபட்ச் அறிந்ததும் அடங்குமா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

பாணி அட்டவணையே வேண்டாம், வீரருக்கு ஒரே ஒரு எண் போதும் என்று நீ முன்பு சொன்னதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். ஃபிரேசியரையும், 1974 மார்ச்சில் கராகசில் நார்ட்டனையும் இரண்டிரண்டு சுற்றில் முடித்த ஃபோர்மன், அலியிடம் தோற்றார். அந்த அலிக்கோ ஃபிரேசியரும் நார்ட்டனும் கடைசி வரை தொண்டையில் சிக்கிய முள். ஒற்றை எண்ணில் இந்த வட்டத்தை எப்படி அடைப்பாய்? குனிந்தபடியே முன்னேறுவது ஃபிரேசியரின் வழக்கம். கீழிருந்து அப்பர்கட் வீசுபவருக்கு அது தலையைத் தட்டில் வைத்துக் கொடுத்தது போல. 1967இல் அமெரிக்க வானொலிக்காக என்சிஆர் 315 கணினியில் எல்லாக் காலத்துச் சாம்பியன்களையும் மோதவிட்டார்களே, அதில் கடைசியில் ராக்கி மார்சியானோ வென்றதாகவும், அலி ஜிம் ஜெஃப்ரிசிடம் தோற்றதாகவும் அறிவிக்க, அலி மானநஷ்ட வழக்கே போட்டார். பிறகு அலியையும் மார்சியானோவையும் வைத்தே 1969இல் படம் பிடித்து, அமெரிக்காவில் மார்சியானோவும் ஐரோப்பாவில் அலியும் வென்றதாகக் காட்டினார்கள். நாம் அந்த அளவுக்குப் போகவில்லை என்பது ஒரு ஆறுதல்.

செப்டம்பர் 10, இங்கிள்வுட் மறுபோட்டியிலும் நம் நார்ட்டனே வென்றார். இதை எழுதும்போது உனக்காக வருந்தினேன். நிஜத்தில் அலி முதல் சண்டையில் இருந்த 221 பவுண்டை 212க்கு இறக்கிக்கொண்டு வந்து கடைசிச் சுற்றில் கரையேறினார். நம் நிரலுக்கு எடையும் தெரியாது, வெட்கமும் தெரியாது. 31 வயதில், மூன்று தோல்விகளோடு, நம் அலி அக்டோபரில் ஜகார்த்தாவுக்குப் போய் ரூடி லூபர்சைப் புள்ளிக் கணக்கில் வென்றார். அடுத்த ஆண்டுக்கு எடை என்றொரு கட்டம் சேர்த்துத் தா.

மற்றவை சுருக்கமாக. ஜூலையில் லண்டன் எர்ல்ஸ் கோர்ட்டில் ஃபிரேசியர் ஜோ பக்னரைப் புள்ளிகளில் வென்று பட்டத்தைக் காத்தார். ஜூனில் எர்னி ஷேவர்ஸ் ஜிம்மி எல்லிசை, நிஜத்தில் போலவே, முதல் சுற்றில் சாய்த்தார். 1980இல் சென்னை நேரு அரங்கில் அலியோடு காட்சிச் சண்டை போட வந்தாரே, அதே எல்லிஸ். மனம் கசந்தது ஜெர்ரி குவாரி விஷயத்தில்தான். நிஜ 1973இல் அவர் அதுவரை தோற்காத ரான் லைலையும், டிசம்பரில் ஷேவர்சையும் வென்றார், பின்னவரை முதல் சுற்றிலேயே. இருந்தும் பட்டத்துக்கு மோத அவருக்கு வாய்ப்பு வரவில்லை. நம் உலகிலாவது அவருக்கு விடியும் என்று காத்திருந்தேன். லைலை வென்றார். டிசம்பர் 14 அன்று ஷேவர்சின் வலக்கை முந்திக்கொண்டது.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ஆண்டிறுதியில் சாம்பியன் ஃபிரேசியர், முதல் சவால் வீரர் நார்ட்டன். ஒன்றாகப் பயிற்சி செய்த நண்பர்களான இந்த இருவரும் நிஜத்தில் மோதிக்கொண்டதே இல்லை. ஃபிரேசியரின் குரு யாங்க் டர்ஹாம் 1973 ஆகஸ்டில் காலமாகிவிட, ஃபிரேசியரின் மூலையில் நின்று வழிநடத்தும் பொறுப்பை ஏற்றவரும் எட்டி ஃபட்ச்தான். பயிற்சியாளருக்கு நாம் தனி மதிப்பெண் வைத்திருப்பதால், இந்தச் சண்டையில் ஃபட்ச் எந்த மூலையில் நிற்கிறார் என்று தெரியாமல் நிரலை ஓட்ட முடியாது. ஃபிரேசியர் பக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது; ஆனால் மதிப்பெண் விஷயத்தில் என் நேர்மை எப்படி என்பதைத்தான் மேலே பார்த்தாயே. நீ முடிவு செய்து, இருவருக்கும் புது மதிப்பெண் போட்டு, தை பிறப்பதற்குள் அனுப்பு. அதுவரை பேரேட்டைத் திறக்க மாட்டேன்.

என்றும் அன்புடன்,
வைத்தியநாதன்