12 லட்சம் வேறு, 20 லட்சம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை’ என்ற 2025 பட்ஜெட் அறிவிப்புக்குப் பிறகு, தனியாகத் தொழில் செய்யும் ஓவியர்கள், எடிட்டர்கள், டிசைனர்கள், புகைப்படக்காரர்கள் பலர் கணக்குப் புத்தகத்தையே மூட்டை கட்டிவிட்டார்கள். அந்தச் சலுகை வருமான வரிக்கு மட்டும்தான், அதிலும் புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். ஜிஎஸ்டி பார்ப்பது செலவு போக மிஞ்சுவதை அல்ல, போட்ட பில்களின் மொத்தத் தொகையை. சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் எல்லை நிதியாண்டுக்கு 20 லட்சம். கடைக்காரர்கள் சொல்லும் 40 லட்சம் பொருள் விற்பவர்களுக்கானது.

ஒரு சினிமா எடிட்டர் ஆண்டுக்கு 24 லட்சம் தொழில்முறைக் கட்டணம் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் அதில் பாதியை, அதாவது 12 லட்சத்தை, வருமானமாகக் காட்டலாம், வரி பூஜ்யம். ஆனால் 20 லட்சத்தைத் தாண்டியதிலிருந்து 30 நாட்களுக்குள் அவர் ஜிஎஸ்டி பதிவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ‘ஜிஎஸ்டி தனி’ என்ற வாசகம் இல்லாவிட்டால் சிக்கல் அங்கேதான். பேசிய ஒரு லட்சத்துக்குள்ளேயே வரி அடங்கிவிட்டதாகக் கொண்டால் 18 சதவீதத்தின் பங்கு 15,254 ரூபாய். கையில் நிற்பது 84,746 ரூபாய். எனவே 15 லட்சத்தைத் தொடும்போதே புதிய ஒப்பந்தங்களில் அந்த வாசகத்தைச் சேர்த்துவிடுவது நல்லது. பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி வசூலிப்பதோ சட்டப்படி குற்றம்.

இந்த 20 லட்சத்தில் எவையெல்லாம் சேரும் என்பதிலும் குழப்பம் உண்டு. ஒரே பான் எண்ணில் நடக்கும் எல்லாத் தொழில்களும் சேரும். வரிவிலக்குள்ள வீட்டு வாடகை சேரும். வெளிநாட்டு வாடிக்கையாளர் தரும் பணமும் சேரும். வெளிநாட்டுச் சேவைக்கு வரி பூஜ்யம் என்பது உண்மைதான்; ஆனால் பதிவு செய்தவர் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஜிஎஸ்டி தளத்தில் எல்யூடி என்ற உறுதிக் கடிதத்தைக் கட்டணமின்றிப் பதிவேற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் 18 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டு, பிறகு ரீஃபண்டு கேட்டு அலைய வேண்டும். அமெரிக்க நிறுவனத்தின் வேலையாகவே இருந்தாலும் பில் அதன் பெங்களூரு நிறுவனத்தின் பெயரில் போனால் அது ஏற்றுமதி அல்ல. பெங்களூரு வேறு மாநிலத்தில் இருப்பதால் அதற்கு மாநிலங்களுக்கு இடையிலான வரியான ஐஜிஎஸ்டி. கடலூரில் இருந்துகொண்டு பக்கத்துப் புதுச்சேரி நிறுவனத்துக்கு பில் போட்டாலும் ஐஜிஎஸ்டிதான். பழக்கதோஷத்தில் உள்மாநில பில் போல மத்திய, மாநில ஜிஎஸ்டி என்று 9+9 போட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. எழுத்தாளரோ ஓவியரோ புகைப்படக்காரரோ தம் படைப்பின் பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கோ தயாரிப்பாளருக்கோ கொடுத்தால், அந்தத் தொகைக்கான ஜிஎஸ்டியை உரிமையைப் பெறுபவரே நேரடியாகக் கட்ட வேண்டும். வேலைக்கூலியையும் உரிமைத் தொகையையும் ஒரே வரியில் எழுதாமல் பில்லில் பிரித்துக் காட்டினால் இந்த விதி எந்தத் தொகைக்குப் பொருந்தும் என்பது தெளிவாக இருக்கும்.

அடுத்து டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி பற்றி. தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனங்கள் 10 சதவீதம் பிடிக்கின்றன. ‘அதுதான் பிடித்துவிட்டார்களே, இனி என்ன’ என்று கணக்குத் தாக்கல் செய்யாமல் விடுபவர்களுக்கே நஷ்டம். மேலே சொன்ன எடிட்டருக்குப் பிடித்த 2.4 லட்சமும் ரீஃபண்டாகத் திரும்ப வேண்டிய பணம். தாக்கல் செய்யாமல் அது வராது. ஒரு லட்சம் கட்டணம், 18,000 ஜிஎஸ்டி என்று பில்லில் தனித்தனியாகக் காட்டியிருந்தால் டிடிஎஸ் ஒரு லட்சத்துக்கு மட்டுமே, அதாவது 10,000. சில கணக்காளர்கள் 1,18,000 மீது 11,800 பிடிக்கிறார்கள். மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2017ஆம் ஆண்டு 23ஆம் எண் சுற்றறிக்கையைக் காட்டினால் திருத்திக்கொள்வார்கள்.

பணம் உண்மையில் முடங்குவது கால வேறுபாட்டால். ஜிஎஸ்டி பில் தேதியைப் பார்க்கும்; பணம் முன்பே வந்தால் வந்த தேதியை. பிப்ரவரியில் போட்ட பில்லுக்கு வாடிக்கையாளர் ஜூனில் பணம் தந்தாலும், காலாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்து வரியை மட்டும் மாதாமாதம் கட்டுபவர் அந்த வரியை மார்ச் 25க்குள் தம் கையிலிருந்து கட்டியாக வேண்டும். தாமதத்துக்கு 18 சதவீத வட்டி. அட்வான்ஸ் வாங்கினால் வாங்கிய மாதமே அதற்கும் வரி. வருமான வரியில் பணம் வந்த ஆண்டுக்கே கணக்குக் காட்டும் முறை அனுமதிக்கப்படுகிறது. ஆனால் வாடிக்கையாளர் மார்ச் 31 அன்று தம் ஏட்டில் பில்லை வரவு வைத்து டிடிஎஸ் பிடித்தால், அது நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் இந்த ஆண்டின் 26ஏஎஸ் படிவத்தில் ஏறிவிடும், பணமோ அடுத்த ஆண்டு வரும். அந்த டிடிஎஸ்ஸை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல வருமான வரிக் கணக்குப் படிவமான ஐடிஆரில் தனிக் கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் டிடிஎஸ் முழுவதையும் இந்த ஆண்டிலேயே கேட்டால் வரித்துறையின் கணினி ‘வருமானம் குறைவு’ என்று நோட்டீஸ் அனுப்பும்.

பணத்தை இழுத்தடிப்பவர்களிடம் பயன்படும் கருவி, தனியாகத் தொழில் செய்பவரும் குறு நிறுவனமாகச் செய்துகொள்ளக்கூடிய மத்திய அரசின் உத்யம் பதிவு. கட்டணம் இல்லை. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால், உண்மையில் பணம் தரும் ஆண்டு வரை அந்தச் செலவை வாங்குபவர் தம் வருமானத்தில் கழித்துக்கொள்ள முடியாது. மார்ச் மாதத்தில் இதை நினைவூட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் ஆடிட்டர்களே பணத்தை விரைவுபடுத்துவார்கள்.

இனி அரசு கவனிக்க வேண்டியது. 44ஏடிஏ சலுகை பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டுமே. அதில் மருத்துவர், வழக்கறிஞர், உள் அலங்காரம் செய்பவர் உண்டு. சினிமாக் கலைஞர்கள் என்ற பிரிவில் எடிட்டர், ஒளிப்பதிவாளர், பாடலாசிரியர், ஆடை வடிவமைப்பாளர் எல்லோரும் உண்டு. கிராஃபிக் டிசைனர், ஓவியர், புகைப்படக்காரர் என்ற பெயர்கள் இல்லை. ஒரே கணினியில் படம் எடிட் செய்பவருக்குப் பாதி வருமானம், அந்தப் படத்துக்கு போஸ்டர் வடிவமைப்பவருக்குச் சந்தேகம் என்பது என்ன நியாயம்? இதனால் சிலர் துணிந்து 44ஏடிஏ காட்டுகிறார்கள். சிலர் வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவில் 6 சதவீத லாபம் காட்டி, 26ஏஎஸ்ஸில் தொழில்முறைக் கட்டணம் என்று இருப்பதால் மாட்டிக்கொள்கிறார்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன; இங்கே சொன்னவை பழைய எண்கள். இந்தப் பட்டியலின் இடைவெளியை நிரப்ப வாரியத்தின் அறிவிக்கை ஒன்றே போதும்.

அது வரும்வரை பட்டியலில் இல்லாதவர்களுக்குப் பாதுகாப்பான வழி, உண்மைச் செலவுகளைக் கழித்து ஐடிஆர்-3 தாக்கல் செய்வது. கணினிக்கும் மென்பொருளுக்கும் 40 சதவீதம், கேமராவுக்கு 15 சதவீதம் தேய்மானம் கிடைக்கும். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு மட்டும் கணக்கில் ஏறாது.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.