லிண்ட்பெர்க்குக்கு முன்னால் யாருமே இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சிறுவர் பகுதியில், விமானத்தில் முதன்முதலாக அட்லாண்டிக்கைக் கடந்தவர் லிண்ட்பெர்க் என்று போட்டிருக்கிறீர்கள். 1919லேயே பிரிட்டிஷ் விமானிகள் ஆல்காக்கும் பிரவுனும் நடுவில் எங்கும் இறங்காமல் கடந்துவிட்டார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாளாக இடைநில்லாமல் பறந்ததுதான் லிண்ட்பெர்க்கின் சாதனை. பெரிய சாதனைதான். அதற்காக மற்றவர்களை இல்லாமல் ஆக்கிவிட வேண்டுமா?

அவர் கிளம்பியது 1927 மே மாதம். அந்த பிப்ரவரியிலேயே இத்தாலியர் தெ பினேதோ, சவோயா மார்க்கெட்டி எஸ்.55 என்ற, தண்ணீரில் இறங்கி எழும்பும் இரட்டைப் படகு விமானத்தில் தென் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டார். ஏப்ரலில் பிரேசில்காரர் ரிபெய்ரோ தெ பாரோசும் அவர் குழுவும் அதே ரக விமானத்தில் தாண்டினார்கள். 'ஜாவு' என்ற அந்த விமானத்தை பிரேசிலில் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு லேசான பால்சா மரத்தில் எஸ்.55இன் சிறு மாதிரியைச் செய்து பார்த்தவன் நான். பக்கத்துக்கு ஒரு படகு, நடுவில் தடித்த இறக்கை, விமானி உட்காருவது அந்த இறக்கைக்குள்ளேயே. அவர் தலைக்கு மேல் கம்பித் தாங்கிகளில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இன்ஜின்கள். முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். அலையில் ஆடும்போது அவ்வளவு உயரத்தில் ஏறி மெக்கானிக் எப்படித்தான் பழுது பார்த்தாரோ! 1933இல் பால்போ தலைமையில் இதே ரகத்தில் 24 விமானங்கள் அணியாக சிகாகோ போய்ச் சேர்ந்தன. பால்போ முசோலினியின் அமைச்சர். அவரைக் கொண்டாடச் சொல்லவில்லை. நடந்ததை நடந்ததாக எழுதலாமே.

உங்கள் விமான வரலாற்றுத் தொடரில் பறக்கும் படகுகளைப் பற்றிப் பேச்சே இல்லை என்று அப்போதே எழுதினேன். பதில் இல்லை. அப்புறம் விமானப் படங்களுக்குக் கீழே பெயர்கள் மாறியிருந்ததைச் சுட்டிக்காட்டினேன். அந்தக் கடிதத்தில் முதலில் இருந்த பாராட்டு வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். பல வருட வாசகனுக்கு அது வலித்தது.

இப்போது என் பேத்தி பள்ளி வினாடி வினாவில் ஆல்காக், பிரவுன் என்று சொல்லியிருக்கிறாள். தவறு என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். கேட்கப் போன என்னிடம் உங்கள் பக்கத்தையே எடுத்துக் காட்டினார்கள். குழந்தை அழுதுகொண்டு வந்தது.

அடுத்த இதழில், அதே சிறுவர் பகுதியில், இரண்டு வரி திருத்தம் வெளியிடுங்கள். அதைப் பள்ளியில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்