பாப்பாவின் வேலைக் கடிதம் பற்றி

லீட்ஸ், இங்கிலாந்து
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அத்தானுக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறதா? குளிர் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது, ஏழரை மணிக்கே இருட்டுகிறது. பாப்பா வரும்போது கம்பளி மூட்டை கட்ட வேண்டாம். இங்கேயே மலிவாகக் கிடைக்கும்.

நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, இங்குள்ள பல்கலைக்கழகம் பாப்பாவுக்கு அனுப்பிய ஆராய்ச்சி வேலைக் கடிதத்தை வரி விடாமல் படித்தேன். "மூணு வருஷம்தானே, பர்மனெண்ட் இல்லையே" என்று நீ கவலைப்படுகிறாய். ஆராய்ச்சி வேலை இங்கே பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். மானியப் பணம் எத்தனை வருஷமோ, ஒப்பந்தமும் அத்தனை வருஷம். ஆனால் ஒப்பந்தக்காரர் என்பதற்காக நிரந்தர ஊழியரைவிடக் குறைவாக நடத்தக் கூடாது என்று 2002-லேயே விதி வந்துவிட்டது. லீவு, பென்ஷன், பயிற்சி எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

அதே விதியில்தான் நாலு வருஷக் கணக்கும் இருக்கிறது. ஒப்பந்தம் ஒரு தடவையாவது புதுப்பிக்கப்பட்டு, இடைவெளி விடாமல் நாலு வருஷம் முடிந்தால், பல்கலைக்கழகம் தகுந்த காரணம் காட்டினால் ஒழிய, பாப்பா நிரந்தர ஊழியர். எல்லாரும் கோட்டை விடுவதும் இதில்தான். நாலு வருஷம் முடிந்த அன்று யாரும் தேடி வந்து கடிதம் கொடுப்பதில்லை. "நான் இப்போது நிரந்தர ஊழியர் என்று உறுதி செய்யுங்கள்" என்று இவள்தான் எழுதிக் கேட்க வேண்டும். 21 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு ஒப்பந்தம் முடிந்து திங்கட்கிழமை அடுத்தது தொடங்கினால் வம்பில்லை. நடுவில் ஞாயிறு முதல் சனி வரை ஒரு முழு வாரம் ஒப்பந்தமே இல்லாமல் போனால், சேர்த்து வைத்த வருஷமெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடலாம். "பேப்பர் வேலை கொஞ்சம் தாமதம், அடுத்த வாரம் போட்டுக்கலாம்" என்று எவ்வளவு இனிக்கப் பேசினாலும் அவள் தலையாட்டக் கூடாது. ஆனால் நிரந்தரம் என்றால் நம் ஊர் அரசு வேலை மாதிரி அசைக்க முடியாதது என்று அத்தான் நினைத்துவிட வேண்டாம். பணம் தீர்ந்தால் ஆட்குறைப்பு செய்யலாம். அதற்கு முன் கலந்து பேச வேண்டும், வேறு வேலை இருக்கிறதா என்று தேட வேண்டும், இரண்டு வருஷம் முடித்தவருக்கு இழப்பீடும் தர வேண்டும். மூணு வருஷ ஒப்பந்தம் காலாவதியாகி வேலை போனாலும் அந்த இழப்பீடு பெரும்பாலும் உண்டு.

சம்பளத்துக்கு வருகிறேன். இங்கே பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான சம்பள ஏணி ஒன்று உண்டு. ஒவ்வொரு கிரேடும், அதாவது பதவி நிலையும், அதில் சில படிகள். இவளை அவள் கிரேடின் அடிப்படியில் போட்டிருக்கிறார்கள். பிஎச்.டி. முடித்து, இரண்டு வருஷ அனுபவமும் இருக்கிறவள். ஒரு படி, இரண்டு படி மேலே கேட்கலாம், கேட்பது வழக்கம்தான். கையெழுத்துப் போடும் முன் ஒரு மின்னஞ்சலில் கேட்டால் போதும். போட்ட பிறகு கேட்டால் வருஷாந்தர உயர்வு வரும்வரை காத்திருக்கச் சொல்லிவிடுவார்கள்.

பென்ஷன் பிடித்தத்தைப் பார்த்து, "இதை வேண்டாம்னு சொல்லிட்டா கையில் கூட வருமே" என்று கேட்டாளாம். கணக்கைச் சொல். 37,500 பவுண்டு சம்பளம் என்று வைத்துக்கொண்டால், இவள் பங்கு 6.1 சதவீதம், வருஷத்துக்கு 2,287 பவுண்டு சொச்சம். பல்கலைக்கழகம் போடுவது 14.5 சதவீதம், 5,437. ஒரு வருஷ வேலைக்கு, சம்பளத்தில் 75-இல் ஒரு பங்கு, அதாவது 500 பவுண்டு, ஓய்வுக்குப் பின் வருஷா வருஷம் வரும். அதில் மூணு மடங்கு மொத்தத் தொகையாகவும் வரும். வேண்டாம் என்று விலகினால் அந்த 5,437 இவள் கைக்கு வராது, நின்றுபோகும். அவ்வளவுதான்.

கல்யாணம் ஆகியிருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிரசவ விடுப்பு 52 வாரம். சட்டப்படி முதல் 6 வாரம் சம்பளத்தில் 90 சதவீதம், அடுத்த 33 வாரம் வாரத்துக்கு ஒரு வரம்புத் தொகை வரை (2025-26-இல் 187.18 பவுண்டு). மிச்சம் 13 வாரம் சம்பளம் இல்லை. அந்தப் பணம் கிடைக்க, பிரசவ வாரத்துக்கு 15 வாரம் முன்பு வரை தொடர்ந்து 26 வாரமாவது வேலையில் இருந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்குக்கு இதற்கு மேலும் கொடுப்பதுண்டு. ஆனால் திரும்பி வந்து சில மாதம் வேலை பார்க்காவிட்டால் அந்தக் கூடுதலைத் திருப்பிக் கேட்பார்கள். ஒப்பந்தம் விடுப்பின் நடுவிலேயே முடிந்தால் என்ன செய்வீர்கள் என்று இப்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கச் சொல்.

பேராசிரியர் "வாரம் ஒரு வகுப்பு எடேன்" என்று மணிக்கு இவ்வளவு சம்பளம் பேசித் தனியாகக் கூப்பிட்டால், நம் ஊர் கௌரவ விரிவுரையாளர்களை நினைத்துக்கொள்ளட்டும். கௌரவம் பெயரில்தான். ஒரு மணி வகுப்புக்குத் தயாரிக்க எத்தனை மணி சேர்த்துத் தருகிறீர்கள், விடைத்தாள் திருத்தத் தனியாக உண்டா, இந்த இரண்டையும் முதலில் கேட்க வேண்டும். சம்பளச் சீட்டில் எத்தனை மணி என்று போட்டிருக்க வேண்டும். விடுமுறைப் பணத்தை மாதாமாதம் சேர்த்தே தருவதானால் அது சீட்டில் தனி வரிசையில், 12.07 சதவீதம் என்று வரும். மணிக்கு 20 பவுண்டு என்றால் 2.41. தனி வரிசை இல்லாவிட்டால் அது கிடைக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆராய்ச்சியாளருக்கு வருஷம் 10 நாள் சொந்த வளர்ச்சிக்கு என்று 2019-இல் ஓர் உடன்பாடு இருக்கிறது. கையெழுத்திட்ட பல்கலைக்கழகமா என்று பார்த்துக்கொள்ளட்டும். முதல் மாதமே நாட்காட்டியில் குறித்துப் பேராசிரியருக்கு அனுப்பாவிட்டால் அந்த 10 நாளும் ஆய்வகத்துக்குள்ளேயே கரைந்துவிடும்.

சேர்ந்த வாரமே யூனியனில் சேரச் சொல். அத்தானுக்குப் பிடிக்காது, தெரியும். பிரச்சினை முளைத்த பிறகு சேருகிறவர்களுக்குச் சட்ட உதவி பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஒழுங்கு நடவடிக்கை விசாரணை என்று கூப்பிட்டால் யூனியன்காரரையோ உடன் வேலை செய்பவரையோ கூட்டிப் போக உரிமை உண்டு. வேலைத் தகராறுகளுக்கான தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால், 2025 நிலவரப்படி பெரும்பாலும் மூணு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாகத்தான் கெடு.

விசா அந்த ஒரே வேலையோடு கட்டியது என்பதால் வேலை போனால் வேறு இடம் தேட வழக்கமாக 60 நாள்தான் தருவார்கள். அதனால் ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே, "அடுத்து பணம் இருக்கிறதா" என்று பேராசிரியரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

படி உயர்வு கேட்கும் மின்னஞ்சலை நாளைக்கே எழுதச் சொல். அனுப்பும் முன் எனக்குக் காட்டட்டும், ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன். சாம்பார் பொடி அரைத்தால் அரைக் கிலோ அவள் பெட்டியில் வைத்துவிடு.

அன்புடன்,
உன் தம்பி