27-ஆவது பிக்னு சலிச்சுக்காத கண்ணா

கண்ணா,

நல்லா இருக்கியா. டல்லாஸ்ல வெயில் நூறைத் தாண்டுதுன்னு போன்ல பாத்தேன், மத்தியானத்துல வெளிய அலையாத. இங்க எல்லாரும் சௌக்கியம், அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ராத்திரி சாப்பிட்டு தெருவுல ஒரு நடை நடந்துட்டு வராரு, அப்பவும் காதுல நம்ம நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் மேட்ச் கமென்ட்ரிதான்.

உன் மெசேஜ் பாத்தேன். "27-ஆவது பிக்தானேம்மா, இந்த வருஷம் டிராஃப்ட்ல பாக்கறதுக்கு என்ன இருக்கு"ன்னு கேட்டிருந்த. வாட்ஸ்அப்ல ரெண்டு வரில பதில் சொல்ற விஷயமா இது, அதான் லேப்டாப்பை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். எல்லா டீமும் முறை போட்டு காலேஜ், ஹைஸ்கூல் பசங்களை ஒவ்வொருத்தரா எடுக்கற நாள்டா அது, அந்த ஒவ்வொரு முறையும்தானே பிக். பாக்க நெறைய இருக்குடா.

உன் கோவம் புரியுது. போன சீசன்ல 83 ஜெயிச்சு 79 தோத்து, கடைசி நாள் மயாமில தோத்து பிளேஆஃப் கைவிட்டுப் போச்சு. சரி அதுக்காவது டிராஃப்ட்ல கொஞ்சம் முன்னாடி இடம் கிடைக்கும்னு பாத்தா, நம்ம டீம் சம்பளம் லீக் வெச்சிருக்கற லக்சுரி டாக்ஸ் வரம்பை நாலு கோடி டாலருக்கு மேல தாண்டினதால முதல் பிக்கை பத்து இடம் பின்னால தள்ளிட்டாங்க. இது நமக்குப் புதுசும் இல்ல. 2024-ல 9-ல இருந்து 19-க்கு தள்ளினாங்க, கார்சன் பெஞ்சை எடுத்தோம். 2025-ல 38-க்கு போனோம், மிஷிகன் யுனிவர்சிட்டி பையன் மிட்ச் வாய்ட்டை எடுத்தோம். சிகாகோ ஒயிட் சாக்ஸ் டீம் முதல் ஆளா எடுக்கப் போறாங்க, யுசிஎல்ஏ ஷார்ட்ஸ்டாப் ரோக் சோலோவ்ஸ்கியா இல்ல உங்க ஊர் பக்கத்து ஃபோர்ட் வொர்த் பையன் கிரேடி எமர்சனான்னு யார் யாரை எடுப்பாங்கன்னு முன்னாடியே ஊகிச்சு எழுதற எல்லா மாக் டிராஃப்ட்லயும் அதே பேச்சு, நம்ம முறை வரதுக்குள்ள அந்தப் பேரெல்லாம் எப்பவோ போயிடும். எனக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்ல.

ஏன்னு சொல்றேன் கேளு. நம்ம வீட்டு சுவத்துல நீ ஒட்டி வெச்ச போஸ்டர் யாருது? டேவிட் ரைட். 2001-ல 38-ஆவது பிக், அதுவும் நம்ம பிட்சர் மைக் ஹாம்ப்டன் கொலராடோவுக்குப் போனதுக்கு ஈடா கிடைச்ச பிக். அந்த 38-ஆவது பையன்தான் கேப்டன் ஆனான், போன வருஷம் ஜூலைல அவனோட 5-ஆம் நம்பரை இனி யாருக்கும் கிடையாதுன்னு நம்ம சிட்டி ஃபீல்டு கிரவுண்டுல மேல ஏத்தி வெச்சாங்க. பீட் அலான்சோ 2016-ல 64-ஆவது பிக். டேரில் ஸ்ட்ராபெரி மெட்ஸுக்கு அடிச்ச 252 ஹோம்ரன் ரெக்கார்டு எத்தனை வருஷமா அப்படியே நின்னுது, அந்த ஸ்ட்ராபெரி 1980-ல நாடு முழுக்க முதல் பிக், அவன் ரெக்கார்டை போன ஆகஸ்ட்ல தாண்டினது ரெண்டாவது ரவுண்டு பையன் அலான்சோ. இப்ப அவன் பால்டிமோர் போயிட்டான், அதைப் பத்தி பேசினா எனக்கு இன்னும் தொண்டை அடைக்குது, விடு.

நம்ம பிட்சர் ஜேக்கப் டிக்ராம் கதை உனக்கே தெரியும், ஆனாலும் சொல்லணும். ஸ்டெட்சன்னு ஃப்ளோரிடால ஒரு சின்ன காலேஜ், அங்க ஷார்ட்ஸ்டாப் ஆடிட்டு இருந்த பையன், மூணாவது வருஷம்தான் பந்து போடவே ஆரம்பிச்சான். 2010-ல ஒன்பதாவது ரவுண்டு, 272-ஆவது பிக். அந்த வருஷம் நம்ம முதல் பிக் மேட் ஹார்வி, 7-ஆவது இடம், டிராஃப்ட் அன்னிக்கு எல்லாரும் அவனைப் பத்திதான் பேசினாங்க, 272-ஐ யார் கவனிச்சா. எடுத்த வருஷமே டிக்ராமுக்கு முழங்கை ஆபரேஷன் வேற. அந்தப் பையன்தான் 2018-லயும் 2019-லயும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினான். அவனை டீமுக்கு ஆள் தேடற யாரோ ஒரு ஸ்கவுட் ஏதோ ஒரு காலேஜ் கிரவுண்டுல வெயில்ல உக்காந்து பாத்து, இந்தக் கையில ஏதோ இருக்குன்னு எழுதி அனுப்பியிருக்காரு இல்ல, அதை நெனச்சாலே எனக்கு சிலிர்க்கும்.

இப்ப நம்ம டீம்ல பாரு. நோலன் மெக்லீன் 2023-ல மூணாவது ரவுண்டு, 91-ஆவது. போன ஆகஸ்ட்ல முதல் மேட்ச் போட்டான், சியாட்டிலுக்கு ஒரு ரன் விடல. ஜோனா டாங் ஏழாவது ரவுண்டு. இவங்கள்ல யாரும் முன்னாடி பிக் கிடையாது. இன்னொரு பக்கம் 1966-ல மெட்ஸ் கையில முதல் பிக் இருந்தது, ஸ்டீவ் சில்காட்னு ஒரு கேட்ச்சரை எடுத்தாங்க, அவன் தோள்ல அடிபட்டு பெரிய லீக்குக்கு வரவே முடியல, அடுத்து ரெண்டாவதா போனவன் பின்னாடி பெரிய ஸ்டார் ஆன ரெஜி ஜாக்சன். அறுபது வருஷமா ஜனங்க அந்தக் கதையைச் சொல்லிக்கிட்டு இருக்காங்க. சில்காட் பேரை ஒரு கெட்ட வார்த்தை மாதிரி சொல்றாங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல. தோள் கழண்டதுக்கு அந்தப் பையன் என்ன பண்ணுவான்.

2021 ஜூலை ஞாபகம் இருக்கா. பாட்டி அப்ப இங்கதான் இருந்தா. 10-ஆவது பிக் நம்மது, கமிஷனர் வந்து "குமார் ராக்கர்"னு படிச்சதும் நீ சோஃபாலேந்து குதிச்ச, பாட்டி பதறிப்போய் யாருடா அது நம்மூர் பையனான்னு கேட்டா. அவங்க அம்மா இந்திய வம்சாவளி, அப்பா ஃபுட்பால் கோச், காலேஜ்ல முதல் வருஷமே டியூக்குக்கு எதிரா 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் பண்ணி, ஒருத்தரையும் ஹிட் அடிக்க விடாம நோ-ஹிட்டர் போட்ட பையன். அன்னிக்கு ராத்திரி பாட்டியே அவன் வீடியோவை ரெண்டு தடவை போடச் சொல்லிப் பாத்தா. அறுபது லட்சம் டாலருக்குப் பேசி முடிஞ்சாச்சுன்னு பேப்பர்ல வந்தது, அப்புறம் கையை ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டு டீமுக்கு சந்தேகம், ஆகஸ்ட் 1 கெடு முடியற வரைக்கும் ஆஃபரே கொடுக்கல. அதுக்கு பதிலா அடுத்த வருஷம் 11-ஆவது பிக் நமக்குக் கிடைச்சுது. டீமுக்குக் கணக்கு சரியாப் போச்சு. ஆனா அந்த வீட்டுல அன்னிக்கு சாயங்காலம் எப்படி இருந்திருக்கும்னு நான் ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டே இருந்தேன். ஊரே கை தட்டி மூணு வாரத்துல, உன் பையன் கையில ஏதோ கோளாறு வேணாம்னு நாடு முழுக்கத் தெரியற மாதிரி ஆகறது. அந்தப் பையன் துவண்டு போகலடா. தோள்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டான், நியூயார்க் ஸ்டேட்ல ட்ராய்ங்கற ஊர்ல ஒரு சின்ன இண்டிபென்டென்ட் டீம்ல போய் பந்து போட்டான், 2022-ல உங்க ஊர் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் டீம் மூணாவது பிக்கா அவனை எடுத்தாங்க, ஒருத்தரும் அதை எதிர்பார்க்கல. நடுவுல முழங்கைல இன்னொரு ஆபரேஷன். 2024 செப்டம்பர்ல பெரிய லீக்ல இறங்கினான். நீ டல்லாஸ் போனப்பவே சொன்னேன், ரேஞ்சர்ஸ் ஆடற ஆர்லிங்டன் போய் அவனைப் பாத்துட்டு வாடான்னு. இப்ப டிக்ராமும் அங்க, நம்ம பழைய அவுட்ஃபீல்டர் பிராண்டன் நிம்மோவும் அங்க, நம்ம மாரிஸ்டவுன் டெல்பார்டன் ஸ்கூல்ல படிச்ச ஜாக் லைட்டரும் அங்க. நம்ம ஆளுங்க பாதிப் பேர் உன் ஊர்லதான் இருக்காங்க, நீ இன்னும் போகல.

நிம்மோன்னதும் ஞாபகம் வருது, இந்த 27-ல யாரை எடுக்கணும்னு என் கட்சியைச் சொல்லிடறேன். ஹைஸ்கூல் பையன், பேட்ஸ்மேன். நீ காலேஜ் பிட்சர்னுதான் சொல்லுவ, தெரியும். ஆனா பிட்சரை நாம மூணாவது ரவுண்டுல, ஏழாவது ரவுண்டுல எடுத்து உருவாக்கிக் காட்டியாச்சு, அது நம்ம ஆளுங்களுக்கு கைவந்த கலை ஆயிடுச்சு. முதல் பிக்கை ஏன் அங்க செலவு பண்ணணும். பதினெட்டு வயசுல நல்ல கை, நல்ல கண்ணு இருக்கற பையனா பாத்து எடுத்துட்டு அஞ்சு வருஷம் பொறுமையா வளக்கட்டும். 2011-ல நிம்மோவை 13-ல எடுத்தப்ப என்ன பேச்சு பேசினாங்க. வையோமிங்ல ஹைஸ்கூல் பேஸ்பாலே கிடையாது, அவங்க அப்பா ஒரு கொட்டகை கட்டிக் குடுத்து பையன் அதுக்குள்ள பனிக்காலத்துல பேட்டிங் பழகினவன். அடுத்த பிக் 14-ல மயாமிக்குப் போனவன் ஹோசே ஃபெர்னாண்டஸ், ரெண்டே வருஷத்துல சிறந்த புது ஆட்டக்காரருக்கான ரூக்கி ஆஃப் த இயர் விருது, அதை வெச்சு நிம்மோவை எத்தனை வருஷம் குத்திக் காட்டினாங்க. பாவம் ஃபெர்னாண்டஸ் 2016-ல படகு விபத்துல போயிட்டான், அவங்க அம்மாவை நெனச்சு நான் அழுதிருக்கேன். நிம்மோ மெதுவாத்தான் வந்தான், ஆனா வந்து பத்து சீசன் நமக்கு ஆடினான், பந்தை அடிக்காமலே வாக் கிடைச்சாக்கூட முதல் பேஸுக்கு சிரிச்சுக்கிட்டே ஓடுவான்.

ஹைஸ்கூல் பையனை எடுக்கறதுல ஒரு சிக்கல் இருக்குன்னு நீ சொல்லுவ, சரிதான். காலேஜ்ல சீட் வாங்கி வெச்சிருப்பான், போனஸ் பத்தலைன்னா நான் படிக்கப் போறேன்னு போயிடுவான், போனா மூணு வருஷம் இல்லைன்னா 21 வயசு ஆகற வரைக்கும் காத்திருக்கணும். ஒவ்வொரு டீமும் எடுத்த பசங்களுக்கு மொத்தமா இவ்வளவுதான் போனஸ் கொடுக்கலாம்னு ஒரு போனஸ் பூல் இருக்கு, அஞ்சு சதவீதத்துக்கு மேல தாண்டினா அடுத்த வருஷ முதல் பிக் போயிடும். 2019-ல நம்ம ஆளுங்க மேத்யூ ஆலனை மூணாவது ரவுண்டுல எடுத்து 25 லட்சம் டாலர் கொடுக்கறதுக்காக நாலுலேந்து பத்து ரவுண்டு வரைக்கும் காலேஜ் கடைசி வருஷப் பசங்களா எடுத்து கம்மி காசு கொடுத்து மிச்சம் பிடிச்சாங்க. அவ்வளவு பண்ணி எடுத்த பையனுக்கு முழங்கைல ஆபரேஷன் மேல ஆபரேஷன். 1980-ல ஸ்ட்ராபெரியை எடுத்த அதே டிராஃப்ட்ல 23-ஆவது பிக்கா பில்லி பீனையும் எடுத்தாங்க, ஸ்டான்ஃபோர்ட் சீட்டை விட்டுட்டு வந்து சைன் பண்ணினான், ஆட்டக்காரனா அவன் பெருசா வரல. பின்னாடி ஓக்லண்ட் டீமையே நடத்தினாரு, அது வேற. ஒவ்வொரு ஜூலையும் இந்த மாதிரி ஒரு முடிவை பதினெட்டு வயசுப் பசங்க எடுக்கறாங்க, கூட ஒரு அம்மாவும் அப்பாவும் சாப்பாட்டு மேஜைல உக்காந்து விடிய விடிய பேசியிருப்பாங்க. பிராண்டன் ஸ்ப்ரோட் 2022-ல நாம எடுத்தும் சைன் பண்ணாம காலேஜுக்கே திரும்பிப் போனான், அடுத்த வருஷம் நாமளே அதைவிட முன்னாடி அவனை எடுத்தோம். அவன் தைரியம் எனக்குப் பிடிச்சுது.

போன கோடைல நம்ம மெட்ஸோட மைனர் லீக் டீம் பிங்ஹாம்டன் பிரிட்ஜ்வாட்டருக்கு ஆட வந்துச்சு, நானும் அப்பாவும் போனோம். யாங்கீஸ் டீமோட மைனர் லீக் பசங்க கிரவுண்டு அது, இருந்தாலும் பெரிய லீக்குக்கு ரெண்டு படி கீழ டபுள்-ஏல ஆடற நம்ம பசங்களை வீட்டுலேந்து அரை மணி நேரத்துல போய் பாக்கலாம்னா விடுவேனா. எனக்கு முன் வரிசைல ஒரு அம்மா, எங்கேயோ தூரத்துலேந்து வந்திருக்காங்க போல, பையன் பேட் பண்ண வரும்போதெல்லாம் போனைத் தூக்கிப் பிடிச்சு வீடியோ எடுத்தாங்க. மூணு தடவையும் அவுட். நாலாவது தடவை வாக் கிடைச்சுது, அதுக்கு எந்திரிச்சு நின்னு கை வலிக்கத் தட்டினாங்க, நானும் எந்திரிச்சேன். எனக்குப் பின்னாடி உன் வயசு இருக்கும் ஒருத்தன், "இவன் வேஸ்ட், அந்த பிக்ல வேற யாரையாவது எடுத்திருக்கலாம்"னு சத்தமா சொன்னான். அந்த அம்மா திரும்பல. அவங்க காது மட்டும் சிவந்துச்சு.

நீ அப்படி டைப் பண்ணாதடா. டீமைத் திட்டு, ஜெனரல் மேனேஜரைத் திட்டு, ஏன் பிட்சரை எடுத்தாங்கன்னு என்கிட்ட சண்டை போடு, எல்லாம் சரி. எடுத்து ஒரு வருஷம் கூட ஆகாத பையனை வேஸ்ட்னு எழுதறதை மட்டும் விட்டுடு. நேத்து உன் மெசேஜ்ல வாய்ட் பத்தி ஒரு வரி இருந்துச்சு, அது எனக்குப் பிடிக்கல.

டிராஃப்ட் இந்த வருஷம் பிலடெல்பியாலதான், ஆல்-ஸ்டார் நேரத்துல. முதல் ரவுண்டு அன்னிக்கு ஆபீஸ் வேலை எதுவும் வெச்சுக்காத, உங்க டைம் எங்களைவிட ஒரு மணி நேரம் பின்னாடிங்கறதால சாப்பாட்டை முன்னாடியே முடிச்சுட்டு வீடியோ கால்ல வந்துடு, 27 வரதுக்கு நேரம் ஆகும். அதுக்கு முன்னாடி உன் லிஸ்ட்டை அனுப்பு, மூணு பேர் போதும், ஏன் பிடிச்சிருக்குன்னு ஒரு வரி எழுது. என் லிஸ்ட் ரெடி, மூணும் ஹைஸ்கூல் பசங்க. அப்பா ரெண்டு காலேஜ் பிட்சர் பேரை எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்காரு.

ஆர்லிங்டனுக்கு டிக்கெட் போட்டுட்டு தேதி சொல்லு. ஊறுகாயும் பருப்புப்பொடியும் பார்சல்ல அனுப்பியிருக்கேன், வந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா